தவளை நோய்ப் பரிசோதனைப் பெட்டி: மூன்று பருவம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் மூன்றாவது பெட்டியும் காலியானது. மூன்று பருவமும் ஒரே நிறுவனத்தின் பெட்டியைத்தான் வாங்கினோம், அதனால் இப்போது எழுதினால்தான் நியாயமாக இருக்கும். முதல் பருவம் முடிந்த கையோடு எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதி, ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது என் கணக்கு மாறிவிட்டது. இந்தப் பெட்டியில் எது உருப்படியான பொருள் என்று யாராவது கேட்டால், அடியில் ஓரமாகக் கிடக்கும் அந்த முரட்டு நார் பிரஷ்தான் என்பேன்.

இப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோவிட் காலத்தில் மூக்கில் விட்டு எடுத்தார்களே, அதே மாதிரி மெல்லிய பஞ்சுக்குச்சிகள் 50, ஒவ்வொன்றுக்கும் மூடி போட்ட சின்னக் குழாய், கையுறைகள், ஒட்டுச்சீட்டுகள், பூட்ஸையும் வலையையும் கழுவ இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கிருமிநாசினித் தூள், பிரஷ், ஒரு கையேடு. தவளையின் தோலில் குச்சியைத் தேய்த்துக் குழாயில் போட்டு அனுப்பினால் அவர்களுடைய ஆய்வகத்தில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து, தவளைகளைத் தோல் வழியாகக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று அறிக்கை அனுப்புவார்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளை எந்தப் பெட்டி வாங்கினாலும் சரிபார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். இன்னொன்று, பல நாடுகளில் காட்டுத் தவளையைக் கையால் தொடவே அனுமதி வேண்டும். எங்கள் குழுவுக்கு அனுமதி இருக்கிறது, பயிற்சியும் எடுத்துக்கொண்டோம். அது இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள்.

சரி, எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது? ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு நல்ல வெயிலில் ஓடைக்கரைப் பாறை மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. இரவில் மட்டும் வெளியே வருகிற இனம் அது. கிட்டப் போனேன், நகரவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் உடம்போடு ஒட்டாமல் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. முதுகில் மெல்லிய சாம்பல் நிறச் சவ்வு மாதிரித் தோல் உரிந்து தொங்கியது, ஈரக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டிவைத்தது போல. தவளைகள் தோலுரிப்பது வழக்கம்தான், ஆனால் உரித்ததை உடனே தின்றுவிடும், இப்படித் தொங்கவிடாது. எங்களோடு வந்தவர்களில் அனுபவமுள்ள அக்கா ஒருவர் கையுறை போட்டு அதை மெதுவாகப் புரட்டி மல்லாக்க வைத்தார். நல்ல தவளையாக இருந்தால் கண் இமைப்பதற்குள் திரும்பிக்கொள்ளும். இது வயிற்றைக் காட்டியபடி அப்படியே கிடந்தது, முன்கால் ஒன்று மட்டும் காற்றில் லேசாக அசைந்தது. அரை மணி நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அன்றைக்கு இரவே பெட்டிக்கு ஆர்டர் போட்டோம்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் பெட்டியின் நிறை குறை புரியாது. 1970களின் கடைசியிலிருந்தே உலகத்தின் பல மூலைகளில் தவளைகள் மாயமாக மறைந்துகொண்டிருந்தன, அதுவும் காடு அழியாத, மாசு இல்லாத, பாதுகாக்கப்பட்ட மலைகளில். ஆஸ்திரேலியாவில் முட்டைகளை விழுங்கி, வயிற்றுக்குள்ளேயே குஞ்சுகளை வளர்த்து, வாய் வழியாக வெளியே விடும் தவளை இனங்கள் இரண்டு இருந்தன. 1980களின் நடுவில் இரண்டுமே இல்லாமல் போயின. கோஸ்டா ரிகாவின் மான்டிவெர்டே காட்டில் இருந்த பொன்தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989-இல். காரணம் என்னவென்று வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1998-இல்தான் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்த தவளைகளின் தோலில் ஒரே பூஞ்சை இருப்பதை எழுதினார்கள். அடுத்த வருடம் அதற்குப் பெயர் வைத்தார்கள்: பேட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ். வாய் வலிக்கும் என்பதால் எல்லோரும் சுருக்கமாக ‘பிடி’ (Bd) என்றுதான் சொல்கிறோம். வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் செத்த ஒரு நீல நச்சுத் தவளையிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்ததை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது.

தோலில் ஒரு பூஞ்சை வந்தால் உயிரே போகுமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நம் தோல் வெறும் உறை. தவளைக்குத் தோல்தான் தண்ணீர் குடிக்கும் வாய், பாதி நுரையீரல், உப்பைச் சமன்படுத்தும் உறுப்பு, எல்லாமே. பூஞ்சையின் வித்துக்கு ஒரு வால் உண்டு, அதை ஆட்டித் தண்ணீரில் நீந்தி வந்து தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே பை மாதிரி வளர்ந்து, சில நாளில் வெடிப்பது போலத் திறந்து, புது வித்துகளை வெளியே விடுகிறது. அவற்றில் பல திரும்ப அதே தவளையின் மேலேயே ஏறுகின்றன. தோல் தடித்துப்போய் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சரியாகக் கடத்த முடியாமல் போகிறது, ரத்தத்தில் அவை குறைந்துகொண்டே வருகின்றன, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோயில் கிடந்த தவளைகளுக்கு அந்த உப்புகளைக் கொடுத்தபோது அவை கூடுதலாகச் சில மணி நேரம் தாக்குப்பிடித்தன. பாறை மேல் கண்ட அந்தத் தவளையின் காற்றில் அசைந்த கால் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தலைப்பிரட்டைகளுக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் உண்டு, அதனால் பூஞ்சையைச் சுமந்தபடியே நன்றாக வளரும். தவளையாக உருமாறி உடம்பெல்லாம் புதுத்தோல் வரும்போது கூட்டம் கூட்டமாகச் சாகும். குளம் நிறையத் தலைப்பிரட்டை துள்ளுகிறது, எல்லாம் நலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பஞ்சுக்குச்சி தரமானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காம்பு பிளாஸ்டிக், நுனியில் செயற்கை இழை. மரக்காம்பு இருந்தால் அதிலிருந்து வரும் பொருள்கள் பிசிஆரைக் கெடுக்கும், கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் அப்படித்தான், அதனால் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள். குழாயின் கழுத்தில் காம்பை ஒடிப்பதற்கென்று ஒரு வெட்டு இருக்கிறது, இருட்டில் ஈரக்கையோடு வேலை செய்யும்போது அதன் அருமை தெரியும். தேய்க்கும் முறையைக் கையேடு படத்தோடு சொல்கிறது: வயிற்றின் இரண்டு பக்கமும், இரண்டு தொடையின் உள்பக்கமும், இரண்டு பின்காலின் விரல்சவ்வும், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து தடவை, ஆக 30 தடவை. பூஞ்சை அதிகம் தங்குவது இந்த அடிப்பகுதிகளில்தான், முதுகில் தேய்ப்பது வீண். அழுத்தித் தேய்க்கக் கூடாது, அதற்காக ஒப்புக்குத் தடவவும் கூடாது. தோலில் மண் ஒட்டியிருந்தால் முதலில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அலச வேண்டும், ஏனென்றால் மண்ணும் பிசிஆரைக் கெடுத்து, இருக்கிற பூஞ்சையை இல்லை என்று காட்டிவிடும். இந்த ஒரு வரி கையேட்டில் இல்லை. முதல் பருவத்தில் சேறோடு எடுத்த குழாய்கள் எத்தனை வீணாயினவோ.

கையுறையில்தான் கோபம் வந்தது. முதல் பெட்டியில் பவுடர் போட்ட லேடெக்ஸ் கையுறை. தவளைக்கென்றே விற்கும் பெட்டியில் இதை வைக்கலாமா? தலைப்பிரட்டைகளுக்குக் கையுறையின் பொருளே நஞ்சாகும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, அதிலும் லேடெக்ஸ் மோசம். எழுதிக் கேட்டோம். அடுத்த பருவத்தில் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை வந்தது, அதற்கு நன்றி. ஆனாலும் எதுவாக இருந்தாலும் போட்ட பிறகு தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் தொட வேண்டும், தலைப்பிரட்டைகளைத் தொடாமல் வலையிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. அப்புறம் எண்ணிக்கை. ஒரு தவளைக்கு ஒரு புதுச் சோடி என்பது விதி, ஒன்றைத் தொட்ட கையோடு அடுத்ததைத் தொட்டால் நோயை நாமே ஊட்டிவிடுவோம். 50 குச்சி வைத்தவர்கள் 50 சோடி வைக்க வேண்டாமா? 40 சோடிதான் இருக்கிறது, மூன்று பெட்டியிலும். கிழிந்துபோகிறவற்றையும் கணக்கில் எடுத்தால் 60 வேண்டும்.

ஆய்வக அறிக்கை பற்றி நிறையச் சொல்ல வேண்டும். முதலில் நேரம்: முதல் பருவத்தில் பதினொரு வாரம் ஆனது. நோய் பருவத்தோடு போட்டி போட்டு ஓடுகிறது. குளிர்ந்த மாதங்களில் வேகமாகப் பெருகும், 17 முதல் 25 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம், 30 டிகிரிக்கு மேல் தாங்காது. பதினொரு வாரம் கழித்து வரும் பதில், எரிந்து முடிந்த வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வருகிற மாதிரி. இரண்டாம், மூன்றாம் பருவங்களில் ஐந்து வாரமாகக் குறைந்தது, பரவாயில்லை.

அதைவிடப் பெரிய குறை, அறிக்கையில் உண்டு, இல்லை என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். பிசிஆர் எந்திரம் எண்ணிக்கையும் கொடுக்கும், ஒரு குச்சியில் எத்தனை வித்துக்குச் சமமான டிஎன்ஏ இருக்கிறது என்று. அந்த எண்தான் நமக்கு வேண்டியது. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலை ஏரிகளில் மஞ்சள்கால் தவளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தவளைகளின் மேல் இருக்கும் சுமை சராசரியாக 10,000 வித்துகளை நெருங்கும்போது ஏரியே காலியாகிறது என்பது அதில் தெரிந்தது. அதற்குக் கீழே நின்றுவிட்ட கூட்டங்கள் நோயோடே பிழைத்துக் கிடந்தன. இந்த எல்லை எல்லா இனத்துக்கும் பொருந்தாது, சில இனம் நூற்றுக்கணக்கிலேயே விழும், சில இனம் லட்சத்தையும் சுமந்துகொண்டு குதிக்கும். ஆனாலும் ஒரே குளத்தில் இந்த வருடம் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு என்று ஒப்பிட எண் இல்லாமல் முடியாது. விடாமல் மூன்று தடவை எழுதிக் கேட்ட பிறகு எண்களை அனுப்பினார்கள். உண்டு என்று ஒரே மாதிரி அச்சாகியிருந்த இரண்டு தவளைகளில் ஒன்றுக்கு நூறுக்கும் குறைவு, இன்னொன்றுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. முதலாவது பெரும்பாலும் பிழைத்திருக்கும், இரண்டாவது நாங்கள் குழாயை மூடுவதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டு எப்படி அனுப்ப மனம் வருகிறது? வாங்குவதற்கு முன் எண் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள், தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் “இருவாழ்விகளின் நோய்களைக் கண்டறிய” என்று போட்டிருப்பதும் சரியில்லை. இது ஒரே ஒரு பூஞ்சையைக் கண்டறியும், அவ்வளவுதான். ரானாவைரஸ் என்று ஒன்று இருக்கிறது, பிரிட்டனில் 1980களிலிருந்தே சாதாரணத் தவளைகளைக் குளம் குளமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. அதில் தோலில் புண், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, ஒரே வாரத்தில் குளக்கரையெல்லாம் பிணம். தோல் மேல் குச்சியைத் தேய்த்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, இறந்த தவளையின் ஈரல் மாதிரியான திசு வேண்டும். எங்கள் இரண்டாம் பருவத்தில் ஒரு குட்டையில் பத்துப் பதினைந்து தலைப்பிரட்டைகள் வீங்கி மிதந்தன. பெட்டியை நம்பித் தேய்த்து அனுப்பினோம், இல்லை என்று பதில் வந்தது, நிம்மதியாக இருந்துவிட்டோம். கைட்ரிட் தலைப்பிரட்டைகளை அப்படிக் கொல்லாது என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். செத்தவற்றை எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தால் வேறு ஆய்வகத்துக்காவது அனுப்பியிருக்கலாம். அந்தக் குட்டையில் என்ன நடந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது. சாலமாண்டர்கள் (பல்லி மாதிரி வால் உள்ள இருவாழ்விகள்) இருக்கும் பகுதிக்காரர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2013-இல் பெயர் வைக்கப்பட்ட பிசால் என்ற இரண்டாவது கைட்ரிட் பூஞ்சை நெதர்லாந்தில் தீச்சாலமாண்டர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் அழித்துவிட்டது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும், இந்தப் பெட்டியில் அது இல்லை.

இனி தூளும் பிரஷும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் பருவத்தில் மேல்குளத்தில் வேலை முடித்து, தூளைக் கரைத்த வாளியில் பூட்ஸை முக்கி எடுத்து, அப்படியே நடந்து கீழே இருக்கும் குட்டைக்குப் போனோம். பிரஷ் பெட்டியிலேயே இருந்தது, நான் அதை எடுக்கவே இல்லை. கிருமிநாசினியில் முக்கினால் போதும் என்று நினைத்தேன். பதினொரு வாரம் கழித்து அறிக்கை வந்தது: மேல்குளத்தில் உண்டு. அன்றைக்கு இரவு பூட்ஸைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். பள்ளங்களில் மண் கட்டி கட்டியாக, வெளியே காய்ந்து, குச்சியால் குத்தினால் உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. மண்ணும் சருகும் இருந்தால் கிருமிநாசினி அவற்றோடு வினைபுரிந்தே தன் பலத்தை இழந்துவிடும், உள்ளே இருக்கும் வித்துக்குப் போய்ச் சேராது. இந்தப் பூஞ்சை முழுக்கக் காய்ந்தால் மூன்று மணி நேரத்தில் செத்துவிடும், அவ்வளவு பலவீனமானது. ஆனால் ஈர மணலில் மூன்று மாதம்வரை, ஏரித் தண்ணீரில் ஏழு வாரம் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பூட்ஸின் பள்ளத்தில் இருக்கும் ஈர மண் அதற்கு ஒரு வீடு. அந்தப் பதினொரு வாரத்தில் நாங்கள் எத்தனை முறை மேலே போய்க் கீழே வந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன், அன்றைக்குத் தூங்கவில்லை.

ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் நடந்ததைப் படித்தபோது அந்த வலி இன்னும் கூடியது. அங்கே முட்டைச் சரத்தை ஆண் தேரை பின்காலில் சுற்றிச் சுமக்கும் ஓர் இனம் உண்டு, உலகத்தில் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. அழிந்துவிடக் கூடாதென்று கூண்டில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டார்கள். அப்படி விட்ட தேரைகளோடுதான் பூஞ்சையும் தீவுக்குப் போனது என்று 2008-இல் தெரியவந்தது. கூண்டில் அவை வேறு நாட்டுத் தவளைகளோடு ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது, காப்பாற்றப் போனவர்கள்தான். பிறகு அவர்களே தலைப்பிரட்டைகளையெல்லாம் பிடித்து, இட்ராகோனசோல் என்ற பூஞ்சைமருந்தில் குளிப்பாட்டி, குளத்துத் தண்ணீரை இறைத்து, பாறைகளை விர்கான் என்ற கிருமிநாசினியால் கழுவிக் காயவைத்து, அதற்குப் பிறகு திரும்ப விட்டார்கள். 2015-இல் வெளியான அந்த வேலைதான் காட்டில் வாழும் ஓர் இனத்திலிருந்து இந்தப் பூஞ்சையை நீக்கிக் காட்டிய முதல் முயற்சி. சின்னச் சின்னக் குளங்கள், பாறையிடுக்குகள், ஒரே ஓர் இனம் என்பதால் முடிந்தது. பெரிய காட்டில், நூறு ஓடைகளில் இதைச் செய்ய முடியாது. ஒருமுறை வந்துவிட்டால் போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் பிரஷ்.

உலகம் முழுக்க இது போனதும் மனிதரோடுதான். 2018-இல் வந்த மரபணு ஆய்வு இதன் பிறப்பிடம் கிழக்காசியா என்றும், கொரியத் தீபகற்பத்தில் பழைய வகைகள் இருக்கின்றன என்றும், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே பரவத் தொடங்கியது என்றும் சொல்கிறது. பெண்களின் கர்ப்பத்தைக் கண்டறியும் பரிசோதனைக்காக நாடு நாடாக அனுப்பிய ஆப்பிரிக்க நகத்தவளை, உணவுக்காகப் பண்ணையில் வளர்த்த அமெரிக்கக் காளைத்தவளை, கண்ணாடித் தொட்டிக்கென்று விற்கும் வண்ணத் தவளைகள், எல்லாமே நோயைச் சுமந்து செல்லக்கூடியவை. பிசால் வந்துவிடுமோ என்ற பயத்தில் அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியையே நிறுத்தியது. 2019-இல் ஒரு கணக்கு வந்தது: கைட்ரிட் நோயால் சரிந்த இனங்கள் குறைந்தது 501, அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதலாம் என்று. அந்தக் கணக்கு எடுத்த முறையை வேறு சில ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். பனாமாவின் எல் கோப்பேயில் மட்டும் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் நோய் வருவதற்கு முன்பிருந்தே அங்கே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2004-இல் பூஞ்சை வந்தது, சில மாதத்தில் ஓடைக்கரை முழுக்கச் சாவு. தவளைகளைத் தின்று வாழ்ந்த பாம்புகளும் அதற்குப் பிறகு குறைந்துபோனதை 2020-இல் எழுதினார்கள்.

தூளுக்குத் திரும்புகிறேன். பெட்டியில் இருப்பது நல்ல வகைதான். லிட்டருக்கு 10 கிராம், பூட்ஸ் ஐந்து நிமிடம் நனைந்திருக்க வேண்டும். கரைத்ததும் ரோஜா நிறமாக இருக்கும், நாளாக ஆக வெளுக்கும், வெளுத்துவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். இந்த நிறம் மாறுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், புதிதாக வரும் தன்னார்வலருக்குக்கூட ஒரே பார்வையில் புரிந்துவிடும். தூளைக் கொட்டும்போது மூக்கில் ஏறினால் எரியும், முகமூடி போடுங்கள், பெட்டியில் அது இல்லை. உலோகத்தை அரிக்கும், அதனால் கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழுவிய தண்ணீரைக் குளத்துக்கோ ஓடைக்கோ அருகில் கொட்டவே கூடாது. இதையெல்லாம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது இது: முதலில் பிரஷ், மண் ஒன்றுகூட இல்லாமல் தேய்த்த பிறகு தூள், அப்புறம் வெயிலில் காயவை. பிரஷ் தரமும் பிரமாதம், முடி விறைப்பாக, கைப்பிடி நீளமாக இருக்கிறது, முதல் பெட்டியில் வந்த பிரஷ்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நோய் இருப்பது தெரிந்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் செய்ய முடிகிறது. சியெரா நெவாடாவில் நோயைத் தாண்டிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து தவளைகளை எடுத்து, காலியாகிப்போன ஏரிகளில் விட்டார்கள், பூஞ்சை இன்னும் இருக்கும் அதே ஏரிகளில் அவை பெருகியிருக்கின்றன, 2024-இல் முடிவுகள் வெளிவந்தன. அதே வருடம் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் துளையுள்ள செங்கல்களை அடுக்கி மேலே வெயிலில் சூடேறும் சின்னப் பசுமைக்குடில் போட்டு வைத்தார்கள், பச்சைப்பொன் மணித்தவளைகள் தாமாகவே போய் அந்தச் சூடான துளைகளில் உட்கார்ந்தன, உடம்பு சூடேறி நோய் நீங்கியது, நீங்கியவற்றுக்கு மறுமுறை எதிர்ப்பும் கூடியது. எனக்கு இதைப் படித்த அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். உலகத்தின் இருவாழ்வி இனங்களில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று 2023-இன் கணக்கு சொல்கிறது, நோய் மட்டும் காரணமில்லை, வாழிட அழிவும் சூடாகும் காலநிலையும் சேர்ந்துதான். எந்த ஏரியில் நோயோடு பிழைத்த தவளைகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் யாராவது வருடா வருடம் குச்சியோடு போய்த் தேய்த்து, எண்களை எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்கு இந்தப் பெட்டி உதவும்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால்: குச்சிக்கும் குழாய்க்கும் ஐந்து, பிரஷுக்கும் தூளுக்கும் ஐந்து, கையுறைக்கு இரண்டு, அறிக்கைக்கு எண் கொடுத்தால் நான்கு, கொடுக்காவிட்டால் ஒன்று. கையேட்டைத் திரும்ப எழுதச் சொல்லி அவர்களுக்கு நாங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.

கீழ்க்குட்டையில் இரண்டாம் பருவத்தில் 20 குச்சி எடுத்தோம், மூன்றாம் பருவத்தில் இன்னும் 20. இதுவரை எல்லாமே இல்லை என்றுதான் வந்திருக்கிறது. லேசான தொற்று தப்பிப்போகலாம் என்பதால் இன்னும் முழுசாக நம்பவில்லை. அடுத்த பருவத்தில் கீழ்க்குட்டைக்குத்தான் முதலில் போகப்போகிறோம், மேல்குளத்துக்கு வேறு நாள், வேறு பூட்ஸ்.